மருமகளுக்குச் சம்பளம் பேசப் போன கதை

என் மருமகளுக்கு முதல் சம்பளம் பேச நாங்கள் நான்கு பேர் இரவல் வாங்கிய ஜீப்பில் மலை இறங்கினோம். மருமகள், என் மகன், நான், மருமகளின் தாய்மாமன். இடுப்பில் இருந்த குழந்தையையும் சேர்த்தால் ஐந்து. வேலைக்குக் கூப்பிட்டால் கூப்பிட்ட ஆள் மட்டும்தான் போகவேண்டும் என்பது எங்களில் மருமகளுக்குத்தான் தெரியும். அவளும் சொல்லிப் பார்த்தாள்.

"ஒண்டியா போயி ஒக்காந்து ஒன் சம்பளத்த நீயே பேசுவியா? நீ இன்னா நாதியத்தவளா?" என்று கேட்டார் மாமன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

அவள் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த பிறகு அதற்கு மேல் ஒன்று படித்தாள். டாக்டர் பக்கத்தில் இல்லாமலே சுகப்பிரசவம் பார்க்கிற படிப்பு. படிப்பு முடிந்த கையோடு பெண் குழந்தை பிறந்தது. நான் சொல்கிற இந்தச் சமயத்தில் குழந்தை நடக்கக் கற்றிருந்தது, பால் மறக்கவில்லை.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் விடுதியில்தான் தங்கவேண்டும், குழந்தையைச் சேர்க்கமாட்டார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியும் கூப்பிட்டது. டியூட்டி நேரத்துக்கு மலையிலிருந்து பஸ் கிடையாது, அதனால் அங்கேயே வீடு பிடிக்கவேண்டும். வாடகை போக வயிற்றுக்கும் மிஞ்சுகிற மாதிரி சம்பளம் கொடுத்தால் தாயும் பிள்ளையும் ஒன்றாக இருக்கலாம். கொடுக்காவிட்டால் அவள் சென்னைக்குப் போவாள், குழந்தை மலையில் என்னிடம் இருக்கும். என் மகன் போடுகிற சாமையும் மரவள்ளியும் எங்கள் வயிற்றுக்கே சரியாக இருந்தது. அதனால் வேலைக்குப் போகாமல் இருக்கலாம் என்கிற பேச்சே எழவில்லை.

அவள் மாமனைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் மலையில் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் பரியம் கொடுக்கவேண்டும். பணமும் தானியமும். அதைப் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு தொகை சொன்னால் பெண் வீட்டார் சரி என்றும் சொல்லமாட்டார்கள், போதாது என்றும் சொல்லமாட்டார்கள். எல்லாரும் எழுந்து வெளியே போவார்கள். மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டு மெதுவாகத் திரும்பி வருவார்கள். அதற்குள் இவர்கள் கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கவேண்டும். சொன்னதும் தலையாட்டினால் பெண்ணுக்குத்தான் மதிப்புக் குறைவு. இந்த மருமகளை நாங்கள் கேட்டுப் போனபோது இதே மாமன் மூன்று தடவை எழுந்து போனார். மூன்றாவது தடவை போனவர் வர நேரமாகி, ஆக்கி வைத்த சோறே ஆறிவிட்டது. அன்று எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தவர் இன்று எங்களோடு ஜீப்பில் வருகிறார் என்று எனக்கு உள்ளூரத் தைரியமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு இருந்தவர், "பேஷண்ட் எங்க?" என்று கேட்டார். நாங்கள் பலாப்பழமும் சாமை மூட்டையும் இறக்கிக்கொண்டிருந்தோம். வெறுங்கையோடு போகக்கூடாதே.

மேனேஜர் என்று ஒருவர் சின்ன அறையில் இருந்தார். இரண்டு நாற்காலிதான் கிடந்தது. மாமன் ஒன்றில் உட்கார்ந்து மருமகளை இன்னொன்றில் உட்காரச் சொன்னார். நானும் மகனும் சுவரோடு நின்றோம்.

மேனேஜர் மருமகளிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டுச் சொன்னார்: "புதுசா வர்ற நர்ஸுங்க எல்லாருக்கும் பன்னண்டாயிரம்தாம்மா."

மருமகள் முன்னுக்கு நகர்ந்து, "சார், நான் கூடுதலா ஒரு கோர்ஸ்..." என்று ஆரம்பித்தாள். மாமன் அவள் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"நல்லதுங்க," என்று எழுந்தார். "நாங்க வெளிய போயி ஒரு வார்த்த பேசிக்கினு வரோம்."

நானும் மகனும் அவர் பின்னால் நகர்ந்தோம். மருமகளுக்கு எழுந்திருக்க மனமில்லை. தாய்மாமன் எழுந்த பிறகு அவள் உட்கார்ந்திருப்பது எப்படி? அவளும் வந்தாள்.

வெளியே மரம் இல்லை. வண்டி நிறுத்துகிற தகரக் கொட்டகைதான் இருந்தது. ரோட்டைத் தாண்டி டீக்கடை ஓரத்தில் ஒரு புங்கமரத்தைக் கண்டுபிடித்து அதன் கீழே நின்றோம். மாமன் சுருக்குப் பையை அவிழ்த்து நிதானமாக வெற்றிலையை எடுத்தார்.

"மாமா, போலாம் மாமா," என்றாள் மருமகள்.

"இருடி. ஓடிப்போயி நின்னா பன்னண்டுக்கே காஞ்சிக் கெடக்கறோம்னு நெனப்பான். ஒன் மாமியார் ஊட்டாளுங்கள கேட்டுப் பாரு, நான் எப்டி ஏத்துனேன்னு."

"அவரு பொண்ணு கேக்கல மாமா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பிப் போனபோது அந்த நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா.

மேனேஜர் எங்களைப் பார்த்து, "இன்னாங்க பெரியவரே, வேணான்னுதான எழுந்து போயிட்டீங்க?" என்றார்.

"வேணான்னு யாருங்க சொன்னது? பேசத்தான போனோம்?"

"இருக்கறது ஒரு வேலைங்க. இவங்களப் பேசி அனுப்பிட்டுதான் எதுவும் சொல்ல முடியும்."

மாமன் முகம் செத்துப்போனது. பல வருஷமாக எத்தனையோ பெண்களுக்குப் பேசி ஏற்றிய மனிதர். எழுந்து போனவர்களைத் தேடாமல் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற இடம் ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியாது. எங்களுக்கும்தான் தெரியாது.

நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். மருமகள் ஒருவரையும் திட்டவில்லை. குழந்தை அழுதது. வாங்கி முந்தானைக்குள் வைத்துப் பால் கொடுத்தாள். இந்தப் பாலுக்குத்தானே இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பெரிய டாக்டரம்மா அந்தப் பக்கம் வந்தார். ஆஸ்பத்திரி அவருடையதுதான். பலாப்பழத்தையும் எங்களையும் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னாம்மா, யாரு அட்மிட் ஆயிருக்காங்க?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் புது ஆளிடம் பேசுகிறவள் இல்லை. கடையில்கூட மகனைத்தான் கேட்கச் சொல்வேன். மாமன் பேசுவார் என்று பார்த்தேன். அவர் தலையைத் தூக்கவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"யாரும் படுக்கலீங்கம்மா. மருமவளுக்குச் சம்பளம் பேச வந்தோம்."

"சம்பளம் பேசவா? இத்தினி பேரா?"

"எங்க மலையில பரியம் பேசுனா நடுவுல எழுந்து வெளிய போயிட்டு வருவோங்கம்மா. அதே மாதிரி போயிட்டோம். வேணான்னு போவலீங்க. இவ பிரசவம் பாக்கவே தனியா படிச்சிருக்கா. புள்ள பால்குடி. அத வுட்டுட்டு மெட்ராஸ் போவ வேணாமேன்னுதான்..."

அவ்வளவு நீளமாக நான் ஒருவரிடமும் பேசியதில்லை. டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அது கேலிச் சிரிப்பு இல்லை.

"மேனேஜர் பொண்ணு வூட்டுக்காரங்கள துரத்திட்டாரா?" என்றவர், மருமகளிடம், "கொழந்தைய அத்தைகிட்ட குடுத்துட்டு நீ மட்டும் உள்ள வாம்மா," என்றார்.

மாமனும் எழுந்தார்.

"நீங்க இருங்க. இன்னொரு வாட்டி எழுந்து போனீங்கன்னா என்னால தேட முடியாது."

கண்ணாடிக் கதவு வழியாக மருமகளின் முதுகு தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அவள் என்ன பேசினாள் என்று பிறகு ஜீப்பில் வரும்போது சொன்னாள். சுகப்பிரசவத்தைத் தானே பார்த்துவிட முடியும், சிக்கலாகப் போகிறது என்று தெரிந்தால்தான் டாக்டரம்மாவைக் கூப்பிடவேண்டும், மலையிலிருந்து இறங்கி வருகிற பெண்கள் தன்னிடம் கூச்சப்படாமல் வாய் திறப்பார்கள், அதனால் புது நர்ஸுக்கான சம்பளம் தனக்குச் சரியாகாது என்று சொல்லி, பதினாறு கேட்டிருக்கிறாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பதினாலு தருகிறேன், வேலையைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் ஏற்றுகிறேன் என்றாராம்.

அங்கேயே அவள் சரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மறுபடி எழுந்து வந்துவிட்டாளே என்று மாமனே பதறிவிட்டார்.

அவள் நேராக என்னிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்த, பதினாலு சொல்றாங்க. அதுல தனி வூடு புடிக்க முடியாது. ஒரு ரூம்தான் கெடைக்கும். மேல தகர ஷீட்டு. மலைக்குக் கீழ அடிக்கற வெயிலு ஒங்களுக்கு ஆவாது. நான் டூட்டிக்குப் போனா நீங்கதான் இவள வெச்சிக்கினு அதுக்குள்ள இருக்கணும். ஒங்களால முடியுமா? முடியாதுன்னா சொல்லுங்க, நான் வேற யோசிக்கறேன்."

எனக்குக் கல்யாணம் பேசியபோது நான் அடுப்படியில் இருந்தேன். வெளியே பேசி முடித்துவிட்டு வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு எந்தக் காட்டில் என்ன விதைப்பது, யார் எங்கே போவது என்று எதையும் என்னிடம் கேட்டது இல்லை. நானும் அதைக் குறையாக நினைத்தது இல்லை. இவளுக்குச் சம்பளம் தருகிற டாக்டரம்மா உள்ளே காத்துக்கொண்டிருக்கிறார். அவரைக் காக்க வைத்துவிட்டு இவள் என்னைக் கேட்க வந்திருக்கிறாள்.

"இருப்பேன் கண்ணு. போயி சரின்னு சொல்லு," என்றேன்.

"நல்லா யோசிச்சி சொல்லுங்க அத்த."

"யோசிச்சுட்டேன். போ, அந்தம்மா காத்துக்கினு இருக்காங்க."

அவள் போனாள். உள்ளே பேச்சு முடிந்தது கண்ணாடியிலேயே தெரிந்தது. அந்த இன்னொரு பெண்ணுக்கும் வார்டில் ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. நம்மால் ஒரு வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு போகவில்லை.

மலைப்பாதையில் வளைவு ஏறும்போது மாமன், "எழுந்து போனதாலதான ரெண்டு ஏறிச்சி?" என்றார். ஜீப் ஓட்டிய என் மகன், "ஆமா, ஆமா," என்றான். மருமகள் என் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

இப்போது நாங்கள் அந்த ஒரு ரூமில்தான் இருக்கிறோம். வெயில் அவள் சொன்னதைவிட ஜாஸ்திதான். மத்தியானத்தில் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத் துண்டை விரித்து நானும் பேத்தியும் படுத்துக்கொள்வோம். மகன் வாரத்துக்கு ஒருமுறை சாமை அரிசியோடு இறங்கி வருகிறான். கடைக்காரரிடம் நானே பேசப் பழகிவிட்டேன், கொஞ்சம் மெதுவாகத்தான். டியூட்டி முடிந்து மருமகளின் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் குழந்தை கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடுகிறது. அவள் கை கழுவி வருகிற வரைக்கும்கூட அதற்குப் பொறுக்காது. அவர்கள் இருவரையும் அப்படியே விட்டுவிட்டு நான் சோறு போட எழுந்திருப்பேன்.