பதிமூன்றாவது பழம்

முலுண்ட் மார்க்கெட்டில் யாரோ "டஜன் என்ன விலை?" என்றதும் நான் மனசால் சின்ன வயசு மாதுங்கா வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன். அப்போது யுத்த காலம். வாழைப்பழக் கூடைக்காரி பன்னிரண்டு எண்ணி வைப்பாள். அம்மா கொசுறு என்று இன்னொன்றைப் பிடுங்கிக்கொள்வாள்.

ஆபீஸ் கிளம்பிய அப்பாவுக்கு ஒருநாள் மானம் போயிற்று. "டஜன் லத்தீன்லேந்து வந்த வார்த்தைடி. ரெண்டும் பத்தும். பதிமூணாவது எங்கேந்து வந்தது?"

அம்மா அந்தப் பழத்தைக் கூடைக்காரியின் கையிலேயே திணித்தாள். "பிள்ளைத்தாச்சின்னா இவ. விக்கற பழத்துல ஒண்ணைக்கூடத் தொடமாட்டா. என்னோடதுன்னு குடுத்தாத்தான் திம்பா."

அப்பா ஆபீஸுக்குப் போய்விட்டார். மறுநாள் கூடை இறங்கியதும் அவரே அம்மாவிடம் சொன்னார்: "இங்கிலீஷ்காரன் ஊர் ரொட்டிக்கடைலயும் டஜனுக்குப் பதிமூணு குடுப்பானாம். எடுத்துக்கோ."