ஆனந்தவல்லியும் பேசாத கம்ப்யூட்டரும்

ஆனந்தவல்லியிடம் நல்ல பெயர் வாங்கிய ஆள் எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஒருவரும் கிடையாது. பார்வை இல்லாத பெண்மணி, பாவம், சாந்தமாகப் பேசுவார் என்று நினைத்துக் கையைப் பிடித்துப் படியிறக்கிவிடப் போனவர்கள் எல்லோரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். "உங்களக் கேட்டனா?" என்பார். அடுத்த முறை அவரைப் பார்த்தால் அவர்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போவார்கள்.

மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளி எங்களுடையது. அலுவலகத்தில் எழுத்தர்கள் மூன்று பேர்: ஆனந்தவல்லி, நஜ்மா, ரெங்கசாமியாகிய நான். ஒன்பது வருஷம் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தேன். ஃபேனைக் கூட்டுவதா குறைப்பதா என்பதில் தொடங்கி எங்களுக்குள் சண்டை இல்லாத நாளே கிடையாது. மானிட்டரை அணைத்துவிட்டுத்தான் வேலை பார்ப்பார். திரையில் இருப்பதையெல்லாம் ஒரு மென்பொருள் வாசித்துச் சொல்ல, இயர்போனில் கேட்டுக்கொண்டே அடிப்பார். ஒருமுறை அதை வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். மூட்டையைப் பிரித்து நெல்லைக் கொட்டுகிற வேகம், ஒரு வார்த்தை பிடிபடவில்லை. இயர்போன் எப்போதும் ஒரு காதில்தான் இருக்கும். இன்னொரு காது, அவரைப் பற்றி நாங்கள் என்ன பேசுகிறோம் என்று கேட்பதற்கு.

சீர்காழிப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள். தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்து, பி.ஏ. வரலாறு முடித்து, எங்கள் பள்ளிக்கு வேலைக்கு வந்தார். வந்த அன்றைக்கே தொலைபேசி முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கண் தெரியாதவருக்கு வேறு என்ன வேலை கொடுப்பது? யாரும் யோசிக்கவே இல்லை. கொஞ்ச நாளைக்குத் தற்காலிகமாக என்று சொன்னது மூன்று வருஷம் ஆனது. "வணக்கம், ஸ்கூலுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டிருந்தவர், இரண்டு கோடை விடுமுறையும் திருச்சிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தார். ஒரு மே மாதம், டி.சி. கேட்டுப் பெற்றோர்கள் வரிசையில் நின்றபோது, டைப் செய்யும் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனான். ஆனந்தவல்லி யாரையும் கேட்காமல் எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தாளாளர் வந்து பார்ப்பதற்குள் பதினோரு டி.சி. முடிந்திருந்தது. அன்றிலிருந்து அது அவருடைய நாற்காலி.

இந்த வருஷம் ஏப்ரலில் தாளாளரின் மருமகன் சூர்யபிரகாஷ் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். பள்ளியை நவீனப்படுத்தப் போகிறாராம். கம்ப்யூட்டர்களில் இருந்த விண்டோஸை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டார். டி.சி. அடிக்க, தன் நண்பர் எழுதிக் கொடுத்த புது மென்பொருள் ஒன்றையும் ஏற்றினார். அந்த இயந்திரத்தில் உட்காருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, மகராசனுக்கு.

திங்கட்கிழமை காலை ஆனந்தவல்லி வழக்கம்போல் இயர்போனைச் செருகி விசையைத் தட்டினார். சத்தமே இல்லை. மறுபடி தட்டினார். வயரைப் பிடுங்கிச் செருகினார். அவர் முகம் வெளிறிப்போனதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பேசவில்லை என்று அவர் சொன்னதும் சூர்யபிரகாஷ் சிரித்தார்.

"ஏன் மேடம், வேலை நேரத்துல பாட்டு கேப்பீங்களா?"

விஷயத்தைச் சொன்னோம். இதில் அதெல்லாம் வராது என்றார். விசாரிக்கவில்லை, தேடிப் பார்க்கவில்லை, வராது, அவ்வளவுதான். வேறு ஏற்பாடு ஆகும்வரைக்கும் தற்காலிகமாகத் தொலைபேசியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று தாளாளர் சொன்னார். தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆனந்தவல்லி எழுந்துவிட்டார். முடியாது என்றார். குரல் உயர்ந்தது. தாளாளர் குரலும் உயர்ந்தது. கடைசியில் பத்து நாள் கெடு. பதினோராம் நாள் எழுத்தர்கள் மூன்று பேருக்கும் புது மென்பொருளில் தேர்வு வைப்பார்கள், ஆனந்தவல்லி தேறாவிட்டால் தொலைபேசிதான்.

அன்று மதியம் அவர் திருவாரூரில் இருக்கும் தோழி அறிவுமதிக்குப் போன் போட்டார். அந்தம்மாவுக்கும் பார்வை கிடையாது, வங்கியில் வேலை. அவர் சொல்லச் சொல்ல இவர் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். கம்ப்யூட்டர் பேசியது. அட, அந்தப் பேசும் மென்பொருள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே உள்ளே உட்கார்ந்திருக்கிறது! வராது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன மனிதரை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் பேசிவிட்டால் மட்டும் போதுமா? குரல் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி, தமிழை முழுங்கி முழுங்கிப் பேசியதாம். ஒன்பது வருஷமாகக் கை தானாகப் போன இடங்களில் இப்போது வேறு ஏதேதோ திறந்தது. புது மென்பொருளில் எல்லாம் படம். எதற்கும் பெயர் வைக்கவில்லை, அதனால் கம்ப்யூட்டர் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. எந்தப் பொத்தான் சேமிக்கும், எது அழிக்கும்? நான் எட்டிப் பார்த்து, பச்சையாக ஒரு டிக் இருக்கிறது, பக்கத்தில் சிவப்பாக ஒரு கூடை இருக்கிறது என்றேன். பச்சையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, எத்தனாவது என்று சொல்லுங்கள் என்று சீறினார். நாலாவது சேமிக்க, ஐந்தாவது அழிக்க. ஒரு தட்டு கூடிப்போய் மூன்றாம் நாள் ஒரு வகுப்பின் விவரம் முழுவதையும் அழித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. நஜ்மா என்னவென்று கேட்கப் போய், அவளும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பத்து நாளும் மதியச் சாப்பாடு மேசையிலேயே, ஒரு கையில் தயிர்சாதம், ஒரு கை விசைப்பலகையில்.

தேர்வை நடத்த வந்தவர் பஞ்சநதம் சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முப்பத்திரண்டு வருஷம் பொதுத்தேர்வு மேற்பார்வைக்குப் போனவர். சொந்த மகனையே ஹாலை விட்டு எழுப்பி அனுப்பியவர் என்று ஊரில் சொல்வார்கள். அவர் பதிவேட்டைப் பார்த்து விவரம் வாசிப்பார், நாங்கள் கேட்டு டி.சி. அடிக்க வேண்டும். மூன்று பேருக்கும் பத்துப் பத்து. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் மேசைகளைச் சுற்றி வந்தவர், ஆனந்தவல்லி பக்கத்தில் நின்றார்.

"காதுல என்னம்மா?"

"கம்ப்யூட்டர் பேசும் சார். நான் என்ன அடிச்சிருக்கேன்னு சொல்லும்."

"அதுக்குப் பேருதாம்மா காப்பி."

சொல்லிக்கொண்டே வயரை உருவிச் சுருட்டித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார், பையன்களிடம் பிட்டைப் பிடுங்குகிற அதே கை. மற்ற இரண்டு பேருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, இவருக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தால் நியாயமா என்று கேட்டார். வாசலில் நின்ற தாளாளர் தலையை ஆட்டினார். மருமகன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நஜ்மா என்னைப் பார்த்தாள். நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

பஞ்சநதம் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். அது டப்பென்று ஒரு சத்தம் போட்டது. பதிவேட்டைப் புரட்டினார்.

"சார், கண்ணாடி போட்டிருக்கீங்களா?" என்றார் ஆனந்தவல்லி.

"ஆமா, எதுக்கு?"

"அது உங்களுக்கு என்ன எழுதியிருக்குன்னு காட்டிக் கொடுக்குதுல்ல? கழட்டி அதே பாக்கெட்ல போடுங்க சார். அப்புறம் வாசிங்க, நான் அடிக்கிறேன்."

தாளாளர் அதட்டினார். பஞ்சநதம் சார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிடிவாதக்காரர்தான், ஆனால் அடுத்தவருக்குப் போடுகிற சட்டம் தனக்கும் உண்டு என்று நினைக்கிற மனிதர். நிஜமாகவே கண்ணாடியைக் கழற்றினார். பதிவேட்டை மூக்கருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், ஜன்னல் பக்கம் சாய்த்தார். முதல் பையனின் இனிஷியல்கூட வரவில்லை. காது மடல் சிவந்துவிட்டது. இயர்போனை எடுத்து அவரே ஆனந்தவல்லியின் கையில் வைத்தார்.

தேர்வு முடிந்தது. நஜ்மா எட்டு. ஆனந்தவல்லி ஏழு. நான் ஐந்து. ஏழு போதும், மேடம் நாற்காலியிலேயே இருக்கட்டும் என்று தாளாளர் பெரிய மனது பண்ணிச் சொன்னார். ஐந்து அடித்த என்னைத் தொலைபேசிக்கு அனுப்புவதாக யாரும் பேசவில்லை.

எல்லோரும் போனபிறகு அவர் மேசைக்குப் போய், ஜெயித்துவிட்டீர்களே மேடம் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவர் பையை மூடினார்.

"அவர் வயர உருவுறப்ப நீங்க எங்க இருந்தீங்க ரெங்கசாமி சார்?"

"இங்கதான் மேடம்."

"நான் உங்களப் பாக்க முடியாது, சரி. நீங்க என்னப் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

கோலைத் தட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். படியில் இறங்கும்போது நான் கையைப் பிடிக்கப் போகவில்லை, அதற்கு எனக்கு முகமும் இல்லை.