பாலை விட்டு அண்ணியைச் சந்தேகித்தேன்

மலேசியாவில், கிள்ளான் நகரத்து எங்கள் வீட்டில் அன்று அம்மா, அண்ணி, நான் இருந்தோம். துறைமுக வேலைக்குப் போன அண்ணன் இல்லை. மாதக்கணக்காக எனக்கு மட்டும் வயிறு உப்பிப் பேதியானது. டாக்டர், "பள்ளிச் சோதனைப் பயத்தில் வரும் குடல் கோளாறு" என்றார். நான் நம்பவில்லை. சமைத்துப் பரிமாறும் அண்ணி மேல்தான் சந்தேகம்.

"என் தட்டுல மட்டும் என்ன போடுறீங்க, அண்ணி?"

அண்ணி அன்றே காப்பாரில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா சமைத்தும் பேதி நிற்கவில்லை.

வேறொரு டாக்டர், "வீட்டுல நீ மட்டும் என்ன சாப்பிடுற?" என்றார்.

படிக்கிற பிள்ளை என்று அம்மா எனக்கு மட்டும் கலக்கித் தரும் பாலைச் சொன்னேன்.

"ரெண்டு வாரம் நிறுத்து. நின்னா பால் ஒத்துக்கலை. நிக்கலைன்னா குடல் கோளாறான்னு பார்ப்போம்."

நான்காம் நாளே பேதி நின்றது. மறுபடி குடித்தேன், மறுபடி வந்தது.

காப்பாருக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "இனிமே நீயே போட்டுச் சாப்பிடு லா, தம்பி" என்றபடி அண்ணி என்னோடு கிளம்பப் பையை எடுத்தார். இப்போது நானே போட்டுக்கொள்கிறேன். பாலில்லாத காப்பிதான் குடிக்கிறேன். வைத்தியத்துக்கும் டாக்சிக்கும் செலவான பணம் நாற்பத்தைந்து வெள்ளி.