எழுபத்தைந்தாம் இலக்கமும் என் பேரும்

எனக்கு ஒரு கார் இருக்கிறது. அதை ஓடத் தெரியாது. இனிப் பழகும் யோசனையும் இல்லை. பாரிஸில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் நாலாம் மாடியில் இருக்கிறேன், லிஃப்ட் கிடையாது. மரக்கறிப் பையோடு அந்தப் படிகளை ஏறி முடிப்பதே எனக்குப் பெரிய ஓட்டம். ஆனாலும் காரின் பதிவு அட்டையில் முதலாவதாக இருப்பது என் பேர்தான். அது எப்படி அங்கே வந்தது, பிறகு அதை எடுக்கப் பார்த்தபோது நான் என்ன செய்தேன் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. வாயால் சொல்ல எனக்கு வெட்கம்.

என் மகன் குடும்பத்தோடு எபினேயில் இருக்கிறான். எபினே தொண்ணூற்று மூன்றாம் மாவட்டம், களவு அடிபாடு என்று பேர் கெட்ட இடம். பாரிஸ் எழுபத்தைந்து. இங்கே ஒவ்வொரு காரின் இலக்கத் தகட்டிலும் வலது ஓரத்து நீலக் கீற்றில் மாவட்ட எண் சின்னதாக இருக்கும். அதை வாசிக்க எனக்குக் கண்ணாடி வேண்டும். மகனுக்கு அது தெருவின் மறுபக்கத்திலிருந்தே தெரியும்.

அதற்குக் காரணம் அவனுடைய சகலன், மருமகளின் அக்கா புருஷன். அவர் ஆர்ஜொந்தெய்க்காரர், தொண்ணூற்றைந்து. ஒரு கலியாண மண்டபத்து வாசலில் மகன் காரை நிறுத்தியபோது, அவர் எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டார்.

"தொண்ணூற்றி மூண்டு வந்திட்டுது! பின்னாலை பொலிஸும் வரும். எல்லாரும் அடையாளக் காட்டுகளை எடுத்துக் கையிலை வைச்சிருங்கோ!"

எல்லாரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான், பல் மட்டும் தெரிந்தது.

அந்தப் பழைய காரைக் கொடுத்துவிட்டு, ஒபர்வில்லியேயில் ஓரளவு புதிதாக ஒன்று எடுத்தான். ஒபர்வில்லியேயும் தொண்ணூற்று மூன்றுதான். அதே இலக்கத்தைத்தான் சுமந்துகொண்டு வந்தது. அடுத்த நாளே என்னிடம் வந்தான்.

"அம்மா, காரை உங்கடை பேரிலை பதிவம். உங்கடை விலாசம் பாரிஸ். அப்ப எழுபத்தைஞ்சு விழும்."

"எனக்குக் கார் ஓடுற பெர்மி இல்லையே, மோனை."

"என்ரை பேரையும் சேர்த்துப் போடலாம், என்னட்டைப் பெர்மி இருக்கு. உங்கடை விலாசம்தான் வேணும்."

அவன் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் எந்த மாவட்டத்தில் வீடோ அந்த மாவட்ட எண்தான் காருக்கும். வீடு மாறினால் தகட்டையும் மாற்ற வேண்டும். அந்தச் சட்டம் அவன் தலையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. எங்களுடைய ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு அலுவலுக்கு விலாசம் பொருந்தாவிட்டால், சட்டம் என்ன என்று போய்க் கேட்க மாட்டோம். விலாசம் பொருந்துகிற சொந்தக்காரர் யார் என்று தேடுவோம். அப்படித்தான் நான் அகப்பட்டேன்.

விலாசத்தைக் காட்ட என் பேரில் ஒரு கடிதம் தேவைப்பட்டது. கடிதங்கள் போட்டு வைக்கும் பிஸ்கட் பேணியைக் கவிழ்த்துத் தேடினோம். வீட்டு வாடகைக் கடிதம் அவர் பேரில். அவர் என்றால் என் கணவர். போய் ஒன்பது வருடம். மின்சாரக்காரர்கள் இன்றைக்கும் அவரைத்தான் ஐயா என்று விளித்து எழுதுகிறார்கள். நான் போய் மாற்றச் சொல்லவில்லை. அங்கே போனால் பேச வேண்டுமே. கடைசியில் வீட்டுக் காப்புறுதிக் கடிதம் ஒன்றில் எப்படியோ என் பேர் இருந்தது. மகன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினான்.

அந்தக் கிழமை அவன் மூன்று தரம் வந்தான். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் போன் வரும். சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ, குளிரோ, சரி வைக்கிறன். இப்போது கடிதம், கையெழுத்து, படப்பிரதி என்று வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தான்.

சனிக்கிழமை எங்கள் தெருவிலேயே உள்ள ஒரு கடைக்குப் போனோம். போன் திருத்துவது, படப்பிரதி எடுப்பது, காரின் பதிவு அட்டைக்கு விண்ணப்பிப்பது, எல்லாம் அங்கே ஒரே மேசையில் நடக்கும். கடைக்காரர் புதுச்சேரிப் பக்கத்து மனிதர். மகன் விவரம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே ஹோர்ன் சத்தம். காரைத் தெருவை மறித்து இரண்டாம் வரிசையில் நிறுத்தியிருந்தான், பின்னால் பஸ் வந்து நின்றது. "ஒரு நிமிஷம்" என்று ஓடினான்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"தகடு புதுசா அடிக்கணும்னாரே, என்ன நம்பர் போடட்டும்மா?"

"எழுபத்தைஞ்சு," என்றேன் மெதுவாக. "நான் பாரிஸிலைதானே இருக்கிறன்."

"அதுக்குப் பாரிஸ்ல இருக்கணும்னு ஒண்ணும் இல்லியே! எந்த நம்பர் புடிக்குதோ அதப் போட்டுக்கலாம். நான் இருக்கறது சர்சேல்ல, என் காருக்குக் கோர்ஸ் தீவு நம்பர். அந்தத் தீவ நான் கண்ணால பார்த்ததே இல்ல. நம்பர் மேல ஒரு தலை படம் போட்டுத் தர்றான், பார்க்க ஷோக்கா இருக்கும்."

"அப்ப எபினேயிலை இருக்கிற ஒராள்..."

"தாராளமா! கார் அவரு பேர்ல, விலாசம் எபினே, நம்பர் எழுபத்தஞ்சு. எவனும் கேக்க மாட்டான். சட்டம் மாறி ரொம்ப வருஷம் ஆச்சு." விரலைக் கணினியில் ஒரு பொத்தானுக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றார். "இன்னும் அனுப்பலம்மா. எதாச்சும் மாத்தணுமா?"

நான் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். மகன் பஸ்காரரைப் பார்த்துக் கையைக் கூப்புவதும் காரை முன்னுக்கு எடுப்பதுமாக நின்றான். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பேர் அந்தத் திரையிலிருந்து அழிந்துபோகும். அவனும் ஞாயிறு பின்னேரத்துப் போனுக்குத் திரும்பிப் போவான்.

பாண் கடையில் கேட்டதைத் தராமல் வேறொன்றைச் சுற்றித் தந்தாலும் வாங்கிவந்து சாப்பிடுகிறவள் நான். ஆகவே அன்றைக்கும் வெட்கத்தால்தான் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். உண்மை அதுவல்ல.

"ஒண்டும் மாத்த வேண்டாம். அனுப்புங்கோ," என்றேன்.

அட்டை வந்தது. தகடு மாறியது. புதுக் கார் என்றால் பூசை வேண்டும் என்று கோயில் வாசலுக்குக் கொண்டுபோனோம். சந்தனமும் குங்குமமும் வைத்து, நாலு சில்லுக்குக் கீழேயும் தேசிக்காய் வைத்தார்கள். ஐயர் தட்டோடு வந்து கேட்டார்.

"கார் ஆற்றை பேரிலை?"

"அம்மாவின்ரை," என்றான் மகன்.

ஐயர் என்னைப் பார்த்தார். "நட்சத்திரம்?"

"கேட்டை," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னேன்.

அருச்சனைக்கு நான் எப்போதும் மகன் பேர், மருமகள் பேர், பேரப்பிள்ளைகளின் பேர் எல்லாம் சொல்லுவேன். முந்தி என் கணவர் பேர் முதலில் வரும். என் பேரை நானே சொல்வது ஒரு மாதிரியாக இருக்கும், அதனால் விட்டுவிடுவேன். அன்றைக்கு நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, ஐயர் என் பேரையும் நட்சத்திரத்தையும் பெரிய குரலில் சொல்லிப் பூப்போட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் ஒரு எழுத்தையும் விடாமல் கேட்டேன்.

"உடமைக்காரர் முன்னுக்கு ஏறுங்கோ," என்றார் ஐயர்.

முன்கதவில் மருமகளின் கை ஏற்கெனவே இருந்தது. எடுத்தாள். "ஏறுங்கோ முதலாளியம்மா," என்று சிரித்துக்கொண்டு பின்னுக்குப் போனாள்.

கார் நகர்ந்தது. மூன்று தேசிக்காய் நசிந்தது. நாலாவது நழுவி உருண்டு, அங்கே நின்ற ஒரு வானுக்குக் கீழே போய்விட்டது. அதை எடுத்துத் திரும்ப வைப்பதா, விடுவதா என்று பெரிய விவாதம். எனக்கோ, நான் மறைத்த விஷயம் அந்தத் தேசிக்காய்க்குத் தெரிந்துவிட்டது என்றுதான் பட்டது.

அதன் பிறகு முன் இருக்கை எனக்கு. காருக்கு வரும் கடிதமெல்லாம் என் வீட்டுக்கு. ஒரு நாள், நான் நெடுஞ்சாலையில் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் போனதாக ஒரு தண்டக் கடிதம் வந்தது. நாலு மாடி ஏற எனக்கு அரை மணித்தியாலம் வேண்டும். அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது.

"போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கோம்மா," என்றான் மகன் போனில்.

"எனக்கு அதெல்லாம் வராது, மோனை. நீ வந்து எடு."

அது பொய். கனடாவில் இருக்கும் என் தங்கச்சிக்குத் தினமும் காலையில் பூப்படம் அனுப்புகிறவள் நான். அவன் வந்தான். வரும்போது மருமகள் தந்துவிட்ட கறியும் வரும்.

இப்படி எட்டு மாதம் போனது. பிறகு சகலன் புதுக் கார் எடுத்தார். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு அதில் வந்து இறங்கினார். தகட்டில் சைபர் ஆறு. அது நீஸ் பக்கம், கடற்கரை.

"நீஸுக்கு எப்ப வீடு மாறினீங்கள், அண்ணை?" என்று மகன் கேட்டான்.

"நானோ? ஆர்ஜொந்தெய்யை விட்டு எங்கை போறது? கடல் நம்பர், பாக்க நல்லாயிருந்துது, போட்டன். விரும்பினதைப் போடலாமே! தெரியாதே? அதுக்கோ கொம்மாவின்ரை பேரிலை பதிஞ்சு திரியிறாய்?"

மண்டபத்து வாசலில் சிரித்ததை விட அதிகம் சிரித்தார்கள். நான் கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் மகன் வந்தான். கையில் ஒரு படிவம்.

"அம்மா, காரை என்ரை பேருக்கு மட்டும் மாத்துவம். உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்? கடிதமும் தண்டமும் உங்களுக்கு வந்துகொண்டு. இஞ்சை ஒரு கையெழுத்துப் போடுங்கோ."

பேனையைத் திறந்து தந்தான். அட்டையில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டுமாம். இத்தனை வருடமும் எனக்கு முன்னால் வைத்த எந்தக் கடதாசியிலும் நான் ஏன் என்று கேட்காமல் கையெழுத்து வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் பழகிய அதே தமிழ்க் கையெழுத்து. அன்றைக்குக் கண்ணாடியைத் தேடினேன். அது என் தலையில்தான் இருந்தது. தெரிந்துகொண்டுதான் தேடினேன்.

"ஏன் மாத்திறாய்? எழுபத்தைஞ்சு வேண்டாமோ?"

"நம்பர் அதேதான் இருக்கும். பேர் மட்டும்தான் மாறும்."

"நம்பர் அதேயெண்டால், பேரும் அதே இருக்கட்டன்."

மகன் என்னைப் பார்த்தான். நான் எதையும் வேண்டாம் என்று சொல்லி அவன் கேட்டதில்லை. பேனையை மூடி அவன் பக்கம் தள்ளினேன். தள்ளிய வேகத்தில் மற்றதும் வாயில் வந்துவிட்டது.

"கடைக்காரர் அண்டைக்கே சொன்னவர்."

"என்ன சொன்னவர்?"

"ஆரும் எந்த நம்பரும் போடலாம் எண்டு."

"அண்டைக்கேயோ? அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ வெளியிலை பஸ்காரனோடை நிண்டாய்."

"அம்மா, அது அஞ்சு நிமிஷம்! இப்ப எட்டு மாசம்!"

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவன் தோள் இரண்டும் குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறான். பல் மட்டும் தெரிகிற சிரிப்பில்லை. படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"சரி முதலாளியம்மா. இன்னொரு தேத்தண்ணி ஊத்துங்கோ."

அந்த நேரம் பார்த்துக் கீழே ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, பிறகு எல்லாம் சேர்ந்து. மகன் நெற்றியில் அடித்துக்கொண்டான். திரும்பவும் இரண்டாம் வரிசையில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். கார்த் திறப்பைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினான்.

நான் யன்னலைத் திறந்தேன். கீழே ஒரு சாமான் வண்டிக்காரர் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, இது யாருடையது என்று கையை விரித்துக்கொண்டிருந்தார். தெருவே நிமிர்ந்து பார்த்தது. எனக்குக் காது சூடேறியது. ஆனாலும் தலையை வெளியே நீட்டினேன்.

"என்ரை கார்தான்! இப்ப எடுக்கிறம்!" என்று தமிழிலேயே கத்தினேன்.

மரக்கறிக் கடை வாசலிலிருந்து யாரோ ஒருவர் திருப்பிக் கத்தினார்:

"ஓம் அம்மா, கெதியா எடுங்கோ!"