ஆறேகால் மணிக்கு நிற்கும் மென்பொருள்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. ஒரு மின்சுற்றை நிஜமாகச் செய்வதற்கு முன்பே அது எப்படி வேலை செய்யும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தோம். பெரிய சுற்று என்றால் ஓடி முடியப் பாதி நாள் ஆகும். சாயங்காலம் அரைமணி நேரம் கரண்ட் போகும், ஓட்டமும் அதோடு போகும். மறுபடி முதலிலிருந்து. கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம், நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்து ஓடவும், இடையில் ஒரு பாகத்தை மாற்றிவிட்டு ஓட்டவும் ஒரு வழி எழுதினேன்.

அதற்குத்தான் பேட்டன்ட் கிடைத்தது, கண்டுபிடித்தவர் என்று என் பெயரில். எங்களோடு கூட்டு வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனி உடனே வழக்குப் போட்டது. அங்கிருந்த எஞ்சினியர் ஒருவர், யோசனை தன்னுடையது, போனில் எனக்குச் சொல்லித் தந்தது தான்தான் என்றார். போனில் பேசியது உண்மை. என்ன பேசினோம் என்பதற்குத்தான் சாட்சி இல்லை.

வழக்கு ஜவ்வாக இழுத்தது. மலையாளியான எங்கள் முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டாளோட பேரும் கெடக்கட்டே மோளே. எந்தா கொழப்பம்?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதைவிட மோசம், வக்கீல்கள் கேட்டதையே கேட்டுக் கேட்டு, ஒருவேளை அந்த எஞ்சினியர்தான் சொன்னாரோ என்று எனக்கே சந்தேகம் தட்டியிருந்தது.

சாட்சி விசாரணை கோர்ட்டுக்கு வெளியே, இங்கேயே ஒரு ஓட்டல் அறையில் நடந்தது. அந்த எஞ்சினியரும் விமானமேறி வந்திருந்தார். இந்த மென்பொருள் தினமும் சாயங்காலம் ஆறேகாலுக்குத் தானாக நின்று எல்லாவற்றையும் பதிந்துவைக்கிறதே, அது ஏன் என்று எங்கள் வக்கீல் அவரிடம் கேட்டார். அது திருவனந்தபுரத்து ஆட்கள் விட்ட பிழை, அமெரிக்காவில் வாங்கியவர்கள்கூடக் குறை சொல்கிறார்கள் என்றார் அவர்.

அடுத்தது என் முறை. எங்கள் தெருவில் கரண்ட் போகும் நேரம் ஆறரை, பதிந்து முடிக்கப் பத்து நிமிடம் வேண்டும், அதனால் ஆறேகால் என்றேன். முதலில் எழுதியதே அந்தப் பகுதிதான், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளம்பியது என்றேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். அப்படியானால் கண்டுபிடித்தது பவர்கட்தானே, அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் எழுதியிருப்பார்களே என்றார். எனக்கு வந்த கோபத்தில் இங்கிலீஷ் பறந்துவிட்டது.

"கரண்டு எல்லார் வீட்லயுந்தான் போச்சு. இத எழுதினது நான் ஒருத்திதானே."

சாட்சியத்தை இங்கிலீஷில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது. எங்கள் வக்கீல் அதை இங்கிலீஷில் சொல்ல, அவள் அடித்துக்கொண்டாள்.

தீர்ப்பு வர அப்புறமும் நாளானது. பேட்டன்ட்டில் என் பெயர் மட்டுமே நின்றது. எனக்குச் சந்தேகம் விட்டுப்போனது அந்த அறையிலேயே, என் வாயாலேயே அதைச் சொன்னபோதுதான்.