குதிரை டிரெய்லரில் ஒரு ரவுண்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை ரோட்டில், குதிரை டிரெய்லருக்குள் நின்றபடி பயணம் செய்தேன்.

உள்ளே குதிரை இல்லை. நானும் தனசேகரும் மட்டும்தான்.

ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். என் முழங்கால் சிராய்ப்பைப் பார்த்த பிறகு கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமென்றால் மல்லிகாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மல்லிகா ஒரு வெள்ளைக் குதிரை. மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவள். ஊத்துக்கோட்டைக்காரரான தனசேகர் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். லீவு நாளில் மல்லிகாவைக் கல்யாணங்களுக்குக் கூட்டிப் போவார். குதிரைக்குச் சொந்தக்காரர் அவர்தான் என்றாலும் குதிரை அப்படி நினைக்கவில்லை. தீனி வைப்பது, தேய்த்துவிடுவது, திட்டுவது எல்லாம் அவர் மனைவி வசந்தா. வசந்தா முன்னால் மல்லிகாவை 'அது' என்று சொல்லக்கூடாது... நான் ஒருமுறை சொல்லிவிட்டுப் பட்டிருக்கிறேன்.

இவர்கள் எனக்குப் பழக்கமானது ஆவணி மாதம். செவ்வாப்பேட்டையில் என் அக்கா மகன் கல்யாணம். குதிரை ஏற்பாடு என் பொறுப்பு. கடைசியில் குதிரை வரவே இல்லை. வரும் வழியில் லோடு வேன் பிரேக் போட்டதில் மல்லிகா முன்னங்கால் மடங்கி விழுந்துவிட்டாள். இரண்டு முழங்காலிலும் ரத்தம். மாப்பிள்ளை காரில் போனான். மறுநாள் மனசு கேட்காமல் பார்க்கப் போனேன். அப்படி ஆரம்பித்த பழக்கம் இது.

காயம் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. அன்றிலிருந்து மல்லிகா எந்த வேனிலும் ஏறுவதில்லை. வேன் சத்தம் கேட்டாலே காதை மடக்கிக்கொண்டு பின்னால் போகிறாள். ஊத்துக்கோட்டையிலிருந்து திருவள்ளூர் வரைக்கும் தார் ரோட்டில் நடத்தியே கூட்டிப் போக முடியுமா? ஒருமுறை போய்ப் பார்த்தார்கள். குளம்பு தேய்ந்து, திரும்பி வந்த மூன்று நாளும் நொண்டினாள்.

கல்யாணத்துக்குப் போகாத குதிரைக்கும் பசிக்கும் இல்லையா? பள்ளிப்பட்டில் ஒருவர் மணல் வண்டியில் பூட்ட மல்லிகாவைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தை பிறப்பதற்குள் வழி கிடைக்காவிட்டால் கொடுத்துவிடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்துவிட்டார்கள். பேசி முடித்த அன்று வசந்தா சாப்பிடவில்லையாம்.

இந்த நேரத்தில்தான் கும்மிடிப்பூண்டியில் ஒரு பழைய இரும்பு யார்டில் அந்த டிரெய்லரைப் பார்த்திருக்கிறார் தனசேகர். சென்னையில் குதிரைச் சவாரி சொல்லிக்கொடுத்த யாரோ கழித்துக்கட்டியது. வீட்டில் இருக்கும் ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். வேனைவிடத் தாழ்வு, பின்கதவைச் சாய்த்தால் அதுவே ஏறும் பலகை.

"வந்து பாத்துச் சொல்லு சார், தேறுமா தேறாதான்னு" என்றார்.

நானா? என் வாழ்க்கையில் நான் ரிப்பேர் செய்த ஒரே பொருள் குடை. ஆனாலும் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் நல்லவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஏமாற்ற எனக்கு மனசு வருவதில்லை. போனேன்.

பழைய வண்டி பார்க்கப் போனால் நாம் முதலில் என்ன செய்வோம்? டயரை உதைப்போம். ஏன் உதைக்கிறோம்? யாருக்கும் தெரியாது. நானும் உதைத்தேன். "பட்டன் இருக்கு, நல்ல டயர்" என்றேன். தனசேகர் பயபக்தியோடு தலையாட்டினார்.

யார்டுக்காரர் காஜா பாய் பழவேற்காட்டுக்காரர். அவர் கிட்டே வந்து கேட்டார்.

"இரும்புக்கு எடுக்குறீங்களா, ஓட்டுறதுக்கா?"

"ஓட்டத்தான் பாய். குதிரைக்கு" என்றார் தனசேகர்.

"அப்ப நில்லுங்க. இரும்புக்குன்னா எடை போட்டுக் குடுத்துட்டு வேலையைப் பார்ப்பேன். உயிரை ஏத்துறதுன்னா சொல்லாமக் குடுக்கக் கூடாது."

ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். முதலில் டயரின் பக்கவாட்டைக் காட்டினார். வெயிலில் நின்று நின்று நெடுக வெடிப்பு. பட்டன் தேயாததற்குக் காரணம் அது ஓடவே இல்லை என்பதுதான். பிறகு உள்ளே ஏறித் தரைப் பலகையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். கேக்கில் கத்தி இறங்குவது போல் பிடி வரை இறங்கியது. குதிரை மூத்திரம் ஊறி ஊறி மரம் மொத்தமும் இற்றுப்போயிருக்கிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"கீழ சட்டம் கெட்டியா இருக்கு. அச்சும் நேரா இருக்கு. தரையும் டயரும் மாத்துனா ஓடும். மாத்தாம ஓட்டுனீங்கன்னா குதிரைக் காலு ரோட்டுல நிக்கும்" என்றார்.

இவ்வளவு நேர்மையாகக் குறை சொல்லும் ஒருவரிடம் வாங்காமல் வர முடியுமா? எடுத்தாயிற்று.

இனி ரிப்பேர். இங்கேதான் கும்மிடிப்பூண்டியின் குணம் வேலை செய்தது. இரும்பிலேயே பிறந்து இரும்பிலேயே வளர்ந்த தொழிற்பேட்டை அது. அங்கே எந்தச் சந்தேகத்துக்கும் ஒரே பதில்தான் – இன்னும் கொஞ்சம் தடிமனான தகடு. தனசேகரும் ஆலை நண்பர்களும் நான்கு ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் வைத்தார்கள். மரம் இருந்த இடத்தில் மரமா போடுவார்கள்? புடைப்புக் கோடு போட்ட தடித்த இரும்புத் தகட்டைத் தரை முழுக்க அடித்தார்கள். ஏறும் பலகைக்கும் அதுவே. லாரியே ஏறலாம் போலிருந்தது. ரெட் ஆக்சைடு அடித்து, சந்தனப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, புது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து... எல்லாம் முறைப்படி நடந்தது.

மல்லிகா வந்தாள். பலகையில் முன்னங்கால் ஒன்றை வைத்தாள்.

'டங்' என்று ஒரு சத்தம்.

அவ்வளவுதான். கயிற்றைப் பிடித்திருந்த தனசேகரோடு சேர்த்துத் தெருமுனை வரை பின்னாலேயே போனாள். மறுபடி கூட்டி வந்தார்கள். கிட்டவே வரவில்லை. கூடியிருந்தவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கண்ணைக் கட்டு என்றார் ஒருவர். பின்னாலிருந்து தள்ளு என்றார் இன்னொருவர். தள்ள யாரும் முன்வரவில்லை.

வசந்தா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு வாரம் ஒக்காந்து அடிச்சீங்களே, ஏறப்போறவ யாருன்னு ஒருத்தராவது நெனச்சீங்களா? இது இன்னா குதிரை ஏத்துற வண்டியா, பேங்க் லாக்கரா?"

"கெட்டியா இருக்கணும்னுதான்..." என்றார் தனசேகர்.

"கெட்டி இருக்கட்டும். அவளுக்குக் கால் வழுக்குது, காது அடைக்குது. போய் ஒங்க ஆலைல பழைய கன்வேயர் பெல்ட்டு கெடந்தா கேட்டு எடுத்துக்கினு வா."

எனக்குத் தோன்றவில்லை, ஆலையில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தோன்றவில்லை. ஆலைக்குள் கால் வைக்காத வசந்தாவுக்குத் தோன்றியது. தேய்ந்துபோன பெல்ட் ரப்பர், விரல் தடிமன் இருக்கும். அதை வெட்டித் தரையிலும் பலகையிலும் விரித்தார்கள். சத்தம் போயிற்று. வழுக்கலும் போயிற்று.

அதன் பிறகு வசந்தா யாரையும் கிட்ட விடவில்லை. டிரெய்லரை வீட்டு வாசலில் பின்கதவைத் திறந்தே நிறுத்தி வைத்தார். முதல் நாள் புல்லுக்கட்டைப் பலகைக்கு முன்னால் வைத்தார். அடுத்த நாள் பலகை மேல். அதற்கடுத்த நாள் டிரெய்லருக்குள், கதவை ஒட்டி. ஒரு வாரத்தில் மல்லிகா தானே ஏறி உள்ளே நின்று சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாக இறங்கி வர ஆரம்பித்தாள்.

போன ஞாயிறு ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இட்லி நாஷ்டா முடிந்தது. ஜீப்பில் டிரெய்லரை மாட்டியாயிற்று. தனசேகர் மல்லிகாவை அவிழ்க்கப் போனார்.

"இரு. மொதல்ல நீ ஏறு" என்றார் வசந்தா.

"எங்க?"

"டிரெய்லர்ல. நான் ஓட்டுறேன். ஒரு ரவுண்டு போய் வா. அப்புறம் அவ ஏறட்டும்."

வசந்தாவுக்கு ஜீப் ஓட்டத் தெரியும். கத்தரிக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்வந்த கை. தனசேகர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"சாரும் ஏறுங்க. நீங்கதான தேறும்னு சொன்னீங்க?"

ஏறினோம். குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெளியே இருந்து குரல் வந்தது.

"கம்பியைப் புடிக்காம நில்லுங்க. மல்லிகாவுக்குக் கை கெடையாது."

பின்கதவு சாத்தப்பட்டது. உள்ளே இருட்டாயிற்று.

வாசகர்களே, நாம் எத்தனையோ வண்டி வாங்கியிருக்கிறோம். முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினோம்? பின்னால் உட்காரப் போகிறவர்களை என்றைக்காவது யோசித்தோமா? என் ஸ்கூட்டர் பின்சீட்டைப் பற்றி என் மனைவி பதினைந்து வருடமாகச் சொன்னது, ஏரிக்கரை ரோட்டின் முதல் பள்ளத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் போகப் போகப் பழகியது. காலை அகட்டி வைத்தால் நிற்க முடிந்தது. வளைவில் மெதுவாகத் திருப்பினார். பள்ளத்தில் இறக்கி ஏற்றினார். பரவாயில்லையே, தேறும் போலிருக்கிறதே என்று தனசேகரிடம் சொல்ல வாயெடுத்தேன்...

ஜீப் சடாரென்று நின்றது.

இரண்டு பேரும் முன்னால் போய் முழங்காலில் விழுந்தோம். என் பேன்ட் கிழிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வலியைவிடப் பயம்தான் அதிகம். எதற்காக நின்றது, அடுத்து என்ன ஆகும், எதுவும் உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியாது. இருட்டில் முழங்காலிட்டு அடுத்த இடிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

பின்கதவு திறந்தது. எதிரே ஆடும் இல்லை, மாடும் இல்லை, காலி ரோடு. வசந்தா வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறார்.

தனசேகர் எழுந்திருக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இப்டிதான் உயுந்திருப்பா" என்றார் மெதுவாக. பிறகு, "வேன் மேல தப்பு இல்ல வசந்தா. அன்னிக்கு ஓட்டினது நான்தான். டிரைவர் வரல, நானே எடுத்துக்கினு போனேன். ஒரு கையில செல்லு. பேசிக்கினே வந்தேன். முன்னாடி பஸ்ஸு நின்னதைப் பாக்கல..."

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். டிரெய்லரை மாத்திட்டு ஓட்டுறவனை மாத்தலன்னா மறுபடியும் விழத்தான போறா?"

தனசேகர் அழுதார். ஆலையில் வேலை செய்கிற, பெரிய உருவம் கொண்ட மனிதர்.

முடிவு அங்கேயே, ரோட்டிலேயே ஆயிற்று. டிரெய்லர் ஓடும். ஜீப்பை வசந்தா ஓட்டுவார். தனசேகர் பின்னால் பைக்கில் வருவார். பள்ளிப்பட்டுக்காரருக்குக் குதிரை இல்லை என்று சொல்லிவிட வேண்டியது. அன்று மதியமே மல்லிகாவை ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் ஒரு ரவுண்டு போய் வந்தார்கள். இறங்கியதும் அவள் செய்த முதல் காரியம் வசந்தாவின் முந்தானையைக் கடித்து இழுத்ததுதான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, அத்தோடு வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். என்னால் முடியாதே. கொஞ்சம் உபதேசம் செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"வண்டி ஓட்டும்போது யார் கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது தனசேகர். அப்படி யாரோடதான்யா அவ்வளவு அவசரமாப் பேசினீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "வுடு சார்."

"அட, சொல்லுங்க."

வசந்தா சொன்னார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஒங்க கிட்டதான் சார். 'குதிரை எங்க வருது, எங்க வருது'ன்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தபா போன் போட்டீங்களாமே. அவரு எடுத்தது ஏழாவது காலு."

பஸ் ஏறி ஊர் வந்து சேரும் வரை என் முழங்கால் வலித்துக்கொண்டிருந்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் பிறக்கப்போகிறது, வரிசையாகக் கல்யாணம். மண்டப வாசலில் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கும் மாமாக்கள், சித்தப்பாக்கள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள் – குதிரை வரும்போது வரட்டும், மாப்பிள்ளை எங்கேயும் ஓடிவிட மாட்டார்.