யாரோடும் சேராத ஜோடி

என் அக்காவுக்கு அடிக்கடி புரையேறுகிறது என்றுதான் நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது இருமுவாள், தண்ணீர் குடிக்கும்போது இருமுவாள். கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொரையேறிடுச்சுடி. யாரோ நெனைக்கிறாங்க" என்பாள்.

"உன்னை நெனைக்க என்னை விட்டா யாரு இருக்கா? நான் இங்கதான் உக்காந்து உன்னைத் திட்டிக்கிட்டிருக்கேன்" என்பேன். சிரிப்பாள். சிரித்தால் இன்னும் இருமுவாள். கூண்டிலிருந்து அத்தனை குருவிகளும் கூடச் சேர்ந்து கத்தும். அந்தக் கூச்சலில் இருமல் பெரிதாகத் தெரியவில்லை. அதுதான் வினையாகிப் போனது.

அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் அவளைப் பார்த்திருக்க மாட்டார்கள். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவாள். நூலளவு கூடினால் ஃபிரேம் விரிந்துகொள்ளும், நூலளவு குறைந்தால் லென்ஸ் கழன்று விழும். சரியாகப் பொருந்தினால் "உக்காந்துடுச்சு" என்பாள். அவள் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

கல்யாணம் வேண்டாம் என்று பார்க்காமலே சொன்னவள் அவள். பண்ணிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னவள் நான். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது மாடி வீடு. கூடத்தை ஒட்டிய பால்கனியைக் கம்பி வலையால் அடைத்து ஒரே கூண்டாக ஆக்கியிருந்தாள். அதற்குள் ஃபிஞ்ச் குருவிகள். சிவப்பு மூக்கோடு நாள் முழுக்க வாயாடும் ஜீப்ரா ஃபிஞ்சுகள், அடிதடி தெரியாத பெங்காலீஸ், பெயின்ட் டப்பாவில் விழுந்து எழுந்த மாதிரி கோல்டியன்கள், ஆந்தை முகத்தோடு ஒரு குட்டி இனம். பார்க்க வருகிறவர்கள், "எல்லாம் ஒத்துமையா இருக்கே!" என்று வாயைப் பிளப்பார்கள். ஒற்றுமை தானாக வந்ததாக அவர்களுக்கு நினைப்பு. அதற்குப் பின்னால் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது யாருக்குத் தெரியும்?

எந்த இனமும் ஜோடி ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். ஒற்றையாய் ஒரு ஆண் இருந்தால் அடுத்தவன் பெண்டாட்டி பின்னால் போய்ச் சண்டை இழுக்கும். ஜோடிகளைவிடக் கூடுகள் அதிகம் வேண்டும். எல்லாக் கூடும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். ஒன்று ஒரு சாண் மேலே போனாலும் எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும் என்று மண்டை உடையும். தீனிக் கிண்ணம் இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று. ஒரே நிறத்தில் இரண்டு இனத்து ஆண்களைச் சேர்த்தால் ஆபத்து, தன் இனத்துப் போட்டியாள் என்று நினைத்துக் கொத்திவிடும். புதிதாய் வருவதை உள் அறையில் ஒரு மாதம் தனியே வைத்து, நோய் உண்டா, குணம் எப்படி என்று பார்த்த பிறகுதான் சேர்ப்பாள்.

நான் வந்தபோதும் அந்த உள் அறையைத்தான் எனக்குக் கொடுத்தாள். கட்டினவனோடு ஒத்துப்போகவில்லை, அண்ணன் வீட்டில் அண்ணியோடு ஒத்துப்போகவில்லை, விடுதியில் வார்டனம்மாவோடு ஒத்துப்போகவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம், வாயும் நீளம். கூரியர் ஆபீசில் பார்சல் கவுன்டரில் உட்கார்ந்திருப்பதால் அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். பெட்டியை வைத்துக்கொண்டு, "என்னையும் தனியா வெச்சுப் பாக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"ஆமா. யாரைக் கொத்தறேன்னு பாக்கணும்ல" என்றாள்.

அந்த மாதம் முடிந்தபோது என் பாயைக் கூடத்தில் தன் பாய்க்குப் பக்கத்தில் விரித்துவிட்டு, "உக்காந்துடுச்சு" என்றாள். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது. கோபமாய் இருப்பதுபோல் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்த ஜோடி வந்தது. ஊரை விட்டுப் போகிற, குருவி வளர்க்கிற ஒருவர் அக்காவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். மணல் நிறம், உடம்பெல்லாம் புள்ளி. பெண் குருவி சாதுவாகத் தெரிந்தது. ஆணின் கழுத்தைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனேன். இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை கத்தியால் கோடு இழுத்த மாதிரி ஒரு சிவப்பு. பிறவியிலேயே அப்படியாம். நான் அவனைக் கழுத்தறுத்தான் என்றேன். அக்காவுக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை.

"அவன் கழுத்து அப்படி இருந்தா அவன் என்னடி பண்ணுவான்?"

ஒரு மாதம் தனியே இருந்தபோது பரம சாது. கூண்டில் சேர்த்தோம். முதல் வாரம் ஓர் ஓரமாய் உட்கார்ந்து மற்றவற்றின் கூடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தின்பதைக்கூட விட்டுவிட்டுப் பார்த்தான். ஒரு காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டே கூண்டுப் பக்கம் போனேன். பெங்காலீஸ் குஞ்சுகள் எல்லாம் கீழே தட்டில் கிடந்தன, இன்னும் இறகு முளைக்காத உடம்போடு. தாயும் தகப்பனும் கம்பியில் ஒட்டிக்கொண்டு நடுங்கின. அவற்றின் கூட்டு வாசலில் அந்தச் சிவப்புக் கழுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அடப்பாவி!" என்று கத்திவிட்டேன். கழுத்தைத் திருகிப் போடு என்று குதித்தேன். அக்கா குஞ்சுகளைப் பொறுக்கித் துணியில் சுற்றினாள். பிறகு அவனையும் அவன் ஜோடியையும் பிடித்து ஒரு தனிக் கூண்டில் போட்டு, தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

"அது கெட்டது இல்லடி. அது பக்கத்துல வேற யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சேத்தது என் தப்பு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமினாள். அன்றைக்கு அவள் சாப்பிடவுமில்லை, தண்ணீர் குடிக்கவுமில்லை. புரையேற என்ன இருக்கிறது என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

அதற்குப் பிறகு கேட்க ஆரம்பித்தேன். கூண்டைத் தட்டிச் சுத்தம் செய்த சாயங்காலங்களில் அவளுக்கு உடம்பு கதகதவென்றது. மாடிப்படியில் முதலில் ஒரு திருப்பத்தில் நின்றாள், பிறகு இரண்டு திருப்பத்திலும் நின்றாள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் காய்ந்த இலையை மிதிக்கிற மாதிரி ஒரு சத்தம். அண்ணன் வீட்டுக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்தாள். அங்கே இருமலே இல்லையாம், அண்ணி போனில் சொன்னாள். வீட்டுக்கு வந்து கூண்டுக்குள் தலையை விட்டாள், சாயங்காலமே காய்ச்சல். எனக்கு ஏதோ புரிந்தது, புரிந்தது பிடிக்கவில்லை.

இழுத்துக்கொண்டு போகாத குறையாக டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

"லென்ஸ் தேய்க்கற வேலை. அந்தத் தூசியா இருக்கும் டாக்டர்" என்று அக்கா முந்திக்கொண்டாள்.

"வீட்டுல புறா, கிளி, குருவி ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

கூசாமல் சொன்னாள்! பொய்யே சொல்லத் தெரியாதவள் என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்த அக்கா! "பால்கனி முழுக்கக் குருவி டாக்டர்! தலைமாட்டுல வேற ரெண்டு!" என்று கத்திவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "எச்சம், இறகுத் தூசி, எல்லாம் மூச்சோட உள்ள போகுது. சில பேருக்கு ஒத்துக்காது. உங்க நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமா இறுகிட்டு வருது. இறுகினது இறுகினதுதான், திரும்பாது. இதோட நிறுத்தணும்னா பறவை இருக்கற வீட்டுல நீங்க இருக்கக் கூடாது. ஒண்ணுகூட."

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "எதை எதோட வெக்கலாம்னு எல்லாம் பாத்தேன். என்னைப் பாக்கலை."

குருவிகளைக் கொடுக்க ஆரம்பித்தோம். பெண்ணைக் கட்டிக் கொடுப்பவள்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டாள். கூண்டு எவ்வளவு அகலம், பூனை வருமா, ஏற்கெனவே என்ன இருக்கிறது. எல்லாம் போயின. எல்லாவற்றோடும் சேருகிற பெங்காலீசுக்கு அடிபிடி. கோல்டியன்களைக் கார் வைத்து வந்து வாங்கிப் போனார்கள்.

அந்த ஜோடியை மட்டும் யாரும் தொடவில்லை. குருவி வளர்ப்பவர்கள், "ஐயோ, அதுவா? எங்கிட்ட இருக்கறதைக் கொன்னுடும்" என்றார்கள். வளர்க்காதவர்கள் அவன் கழுத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்தால் நல்லதில்லை என்று நழுவினார்கள். குருவி விற்கிற கடைக்காரர் மட்டும், "குடுங்க, ஜீப்ரா கூண்டுல போட்டுடறேன்" என்று கை நீட்டினார். அக்கா கூண்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"தொறந்து விட்டுடு" என்றேன்.

"கூண்டுலயே பொறந்தது. வெளிய ஒரு நாள் தாங்காது."

"நீ தாங்குவியா?"

"ரெண்டே ரெண்டுதானடி. எனக்கு இப்ப நல்லாத்தான் இருக்கு."

நல்லாத்தான் இருந்தாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினேன். அக்கா தரையில் உட்கார்ந்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்து வைத்திருந்தாள். உதடு நாவல்பழம் தின்றவளுடையதைப் போல் நீலமாயிருந்தது. கூடத்தில் அவன் கரகரவென்று பாடிக்கொண்டிருந்தான்.

நான் கத்தவில்லை. வாழ்க்கையில் கத்தாமல் இருந்தது அன்றைக்குத்தான். அவளை யாராலும் மாற்ற முடியாது. மூன்று வீடு துரத்தின என்னையே துரத்தாதவள், இதுகளையா துரத்துவாள்? அவள் அனுப்ப மாட்டாள் என்றால் நான்தான் கொண்டுபோக வேண்டும்.

கூரியர் ஆபீசுக்குப் பக்கத்தில், டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. வீட்டுக்காரர், "யாரெல்லாம் இருப்பீங்க?" என்றார்.

"மூணு பேர். யாரும் யார் கூடவும் பேச மாட்டோம்" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாவி கொடுத்தார்.

கிளம்புவதற்கு முன் பால்கனி, கூடம், சுவர் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து என் கை வெந்தது. அக்கா வாசலில் நின்று அழுதாள். "ஒண்டியா எப்படிடி இருப்பே?" "நானும் இதுகளும் ஒரே குணம். உக்காந்துடும்" என்றேன்.

இப்போது அவள் படியில் நிற்காமல் ஏறுகிறாள். டாக்டர், போனது போனது, இனிமேல் போகாது என்றார். என் துணியில், முடியில் தூசி ஒட்டியிருக்கும் என்று நான் அந்த வீட்டுக்குள் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தெருவில் நிற்பேன், அவள் காலியான பால்கனியில் நிற்பாள், இரண்டு பேரும் போனில் பேசுவோம். எதிர்வீட்டுக்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். மற்ற நாட்களில் சாயங்காலம் அவளே கூப்பிடுவாள். நலம் கேட்டுவிட்டு, "அவன் கத்தறானா? போனைக் கூண்டுகிட்ட வை" என்பாள்.

என் அறைக்குப் பால்கனி கிடையாது. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் டயர் கடையின் புகைக்குப் பயந்து பாதி மூடியிருக்கும். கூண்டு என் தலைமாட்டில். சாயங்கால வெயில் விழும்போது அதன் மேல் மெல்லிய தூசி மிதப்பது தெரியும். கொஞ்ச நாளாக, கூண்டைச் சுத்தம் செய்த அன்றைக்கு எனக்கு உடம்பு கதகதவென்கிறது.

நேற்று அக்கா பேசிக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்த ஒரு ஆள் தலைகீழாகக் கண்ணாடி மாட்டிக்கொண்ட கதை. நான் சிரித்தேன். சிரிப்பு நடுவிலே அறுந்து இருமலாக வந்தது.

"யாருடி இருமினது?"

சொல்லலாம். சொன்னால் அடுத்த பேச்சே, "ரெண்டையும் இங்க கொண்டுவந்து வெச்சுட்டுப் போ" என்பதுதான். அவளை எனக்குத் தெரியாதா?

"தண்ணி குடிச்சேன். பொரையேறிடுச்சு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"நான்தான்டி நெனைச்சேன்!" என்று சிரித்தாள். இருமாமல், நீளமாய்ச் சிரித்தாள். "காலையிலேருந்து உன் நெனப்புதான். சரி போ, இனிமே நெனைக்கலை. மெதுவாக் குடி."

"நெனைச்சா நெனைச்சுக்கோ, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு, அடுத்த இருமல் வருவதற்குள் போனைத் தலையணைக்கு அடியில் அமுக்கினேன்.